கயாக்கில் ஸ்ட்ரைப்பர் பிடிக்கப் போனால் வரும் கோளாறுகள்: எதை முதலில் பார்ப்பது?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஐந்து பேருக்கும் சனிக்கிழமைத் தூக்கம் போய்விடும். ஹட்சன் ஆற்றில் முட்டையிடப் போகும் ஸ்ட்ரைப்ட் பாஸ் (சுருக்கமாக ஸ்ட்ரைப்பர்) மீன்களும், அவை துரத்தித் தின்னும் பங்கர் கூட்டமும் நியூ ஜெர்சியின் ராரிட்டன் விரிகுடாவுக்குள் நுழையும் காலம் அது. பங்கர் என்பது மத்தி வகையறா. முள்ளும் எண்ணெயும் அதிகம், நாம் வாங்கிச் சமைக்க மாட்டோம், ஸ்ட்ரைப்பருக்கு அதுதான் பிரியாணி. கீபோர்ட்டிலோ கீன்ஸ்பர்க்கிலோ விடியும் முன் கயாக்கை, அதாவது உட்கார்ந்து பெடல் மிதித்து ஓட்டும் சிறுபடகை, இறக்குவோம். பத்து மணிக்குள் ரேடியோவில் யாராவது ஒருவர் “அண்ணே, ஒரு சின்னப் பிரச்சினை” என்பார். அந்த அண்ணன் நான்தான். எடிசன் பக்கம் என் வீட்டு கராஜில்தான் ஐந்து வண்டிகளும் பழுது பார்க்கப்படுகின்றன. (கயாக்கை நாங்கள் ‘வண்டி’ என்றுதான் சொல்வோம்.)

வருகிற புகார்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அவையேதான். அதனால் ரேடியோவில் கேட்கிற வார்த்தைகளையே தலைப்பாக வைத்து எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஏப்ரலில் அங்கே தண்ணீர் பெரும்பாலும் 45 முதல் 50 பாரன்ஹீட்தான். ‘கரைக்கு’ என்று எழுதியிருந்தால் முதலில் கரைக்குப் போங்கள், ஆராய்ச்சியெல்லாம் அங்கே.

## “வண்டி கனக்குது, பின்பக்கம் இறங்குது”

கரைக்கு. மற்ற கோளாறுகள் மீனைக் கெடுக்கும், இது ஆளைக் கெடுக்கும். அலையில் ஆடிக்கொண்டே ஹாட்சை, அதாவது மேல்தளத்தில் உள்ள சாமான் அறை வாயை, திறந்து எட்டிப் பார்க்கும் ஆசை வரும். திறந்த வாய்க்குள் ஒரே ஒரு அலை விழுந்தால் போதும், கதை மாறிவிடும்.

கரையில் வடிகால் மூடியைக் கழற்றிச் சாய்த்து, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் எல்லா வண்டியிலும் வரும். அரை வாளி வந்தால் ஓட்டை இருக்கிறது.

வடிகால் மூடி. போட மறப்பது, பாதி திருகுவது, ரப்பர் வளையத்தில் மணல். பாதிப் புகார் இத்தோடு தீர்ந்துவிடும். மூடியைக் கழற்றி வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். ஓரிரு டாலர்தான். உதிரி மூடி ஒன்றை லைஃப் ஜாக்கெட் பையிலேயே போட்டு வையுங்கள்.

ஹாட்ச் மூடி. தாளை நீளமாகக் கிழித்து விளிம்பில் வைத்து மூடியை இறுக்கி, தாளை இழுங்கள். சுற்றிலும் நான்கு விரலுக்கு ஒரு இடம் இப்படிப் பார்க்க வேண்டும். எங்கே தாள் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் பட்டை செத்துவிட்டது என்று பொருள். வெயிலில் காய்ந்த வண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, இந்த இடைவெளி வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ‘நிறுத்தி வைத்திருக்கும்போதே எப்படி ஏறுகிறது’ என்று குழம்புகிறவர்கள் இதைப் பார்க்கவும்.

திருகு போட்ட இடங்கள். தூண்டில் தாங்கி, ஃபிஷ் ஃபைண்டர் (நீருக்கடியில் மீனையும் ஆழத்தையும் காட்டும் திரை) கேபிள் நுழையும் துளை, சுக்கான் கயிறு போகும் குழாய். நாமே துளை போட்டுப் பொருத்தியவைதான் பெரும்பாலும் ஒழுகும். கம்பெனி போட்டது அபூர்வம். சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பாரே, அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். வேக்குவம் கிளீனரின் ஊதும் முனையை வடிகால் துளையில் ஒரு துணி சுற்றி வைத்து, சந்தேகப்படும் இடங்களில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் வைக்காதீர்கள், வண்டியே பிளந்துவிடும்.

குமிழி வந்த திருகைக் கழற்றி, பியூட்டைல் டேப் சுற்றித் திரும்ப இறுக்கினால் போதும். சாதாரண சிலிக்கான் இந்தப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் நிற்காது. ஒரு சீசன் கழித்துத் தோல் உரிவது போல உரிந்து வரும்.

ஸ்கப்பர் ஓட்டையில் விரிசல். (தளத்தில் விழும் தண்ணீர் கீழே வழிந்து போக, வண்டியைத் துளைத்துப் போகும் குழாய் ஓட்டை அது.) இங்கேதான் எங்களுக்கு மூன்று வாரம் போனது. கூட்டத்தில் ஒருவர் வடிகால் மூடியை இரண்டு முறை, ஹாட்ச் பட்டையை ஒரு முறை மாற்றிவிட்டார். தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் வண்டியை இரண்டு ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, உள்ளே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தோம். இருக்கைக்குப் பின்னால் உள்ள ஸ்கப்பர் குழாயின் உள்சுவரில் முடி போன்ற கோடு வியர்த்தது. காரணம், அவர் கயாக்கைத் தள்ளிப் போகும் சக்கரவண்டி. அதன் இரண்டு முளைகளும் ஸ்கப்பர் ஓட்டைக்குள் நுழைந்து மொத்த எடையையும் அங்கேயே தாங்குகின்றன. பேட்டரி, இரைப் பெட்டி, ஐஸ் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கல்லும் மேடுமாக உருட்டினால் வேறென்ன ஆகும்? இப்போது நாங்கள் எல்லோரும் பட்டை கட்டும் வகைச் சக்கரவண்டிதான் வைத்திருக்கிறோம்.

அடிப்பக்கம் தேய்ந்து போதல். கான்கிரீட் சரிவில் இழுத்தே பழகியவர்களுக்கு. பின்முனையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மற்ற இடத்தைவிட மெத்தென்று உள்ளே போனால் பிளாஸ்டிக் மெலிந்துவிட்டது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஸ்கப்பரில் விரிசல், அடியில் விரிசல், மெலிந்த பின்முனை. எபாக்சி இதில் ஒட்டாது. அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். நான் ஒரு பழைய வாளியில் பழகிப் பார்த்து, வாளியில் பெரிய ஓட்டை போட்டதோடு விட்டுவிட்டேன். அதற்கும் முன் வாரண்டிக் காகிதத்தைத் தேடுங்கள். நீங்களே சூடு வைத்துவிட்டு அப்புறம் வாரண்டி கேட்டால் கிடைக்காது.

## “கால் நனைஞ்சிருக்கு, ஆனா விழவே இல்ல”

ட்ரை சூட் (தண்ணீர் புகாத முழு உடை) போட்டிருக்கும்போது இது வந்தால் முதலில் ஒரு கேள்வி: பெடல் மிதித்து வியர்த்தீர்களா? சாக்ஸ் முழுக்க ஒரே சீராக ஈரமாக இருந்தால் வியர்வை. ஒரு காலில் மட்டும், அதுவும் விரல் பக்கம் சொதசொதவென்று இருந்தால் ஓட்டை.

ஜிப்பை முழுதாக மூடினோமா என்று நண்பரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி அரை அங்குலம் திறந்திருப்பது வழக்கமான தவறு. அப்புறம் கழுத்து, மணிக்கட்டு ரப்பர்களை மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிசுபிசுப்போ நுண்ணிய வெடிப்போ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டும் சரியாக இருந்தால் வீட்டில் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சூட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். மனைவி சிரிப்பார், பரவாயில்லை.

சாக்ஸில் ஊசித்துளை என்றால் அதற்கென்று விற்கும் பசையை உள்பக்கம் தடவினால் போதும். கழுத்து ரப்பர் மாற்றுவது, ஜிப் மாற்றுவது இரண்டும் கடை வேலை. ஒழுகும் சூட்டோடு ஏப்ரலில் போகாதீர்கள். குளிர்ந்த நீரில் விழுந்தால் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த, பத்து நிமிடம் கை கால் சொன்னபடி கேட்க, ஒரு மணி நேரம் நினைவு தப்பாமல் இருக்க என்று மூன்று கணக்கு சொல்லுவார்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்த ஒரு நண்பரை நாங்கள் கரையிலேயே உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறோம். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

## “மிதிக்கிறேன், நகர மாட்டேங்குது”

பாசியும் நூலும்தான் முதல் சந்தேகம். பெடல் யூனிட்டைத் தூக்கிப் பாருங்கள். துடுப்பு மாதிரி அசையும் வகையில் பாசி வாலாகத் தொங்கும், கையால் உருவினால் சரி. விசிறி வகையில் தூண்டில் நூல் தண்டைச் சுற்றியிருந்தால் முழுவதும் வெட்டி எடுத்தே தீர வேண்டும். மெல்லிய பிரெய்டு நூல் சீலுக்குள் நுழைந்து அறுத்துவிட்டால் உப்புத் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போய்விடும்.

மிதிக்கும்போது பெடல் இலகுவாகச் சுற்றி, விசிறி சுற்றாவிட்டால் பாதுகாப்பு முளை உடைந்திருக்கும். இருக்கிற மாடலா என்று முன்பே பார்த்து உதிரி வாங்கி வையுங்கள். டக் டக் என்று உதைத்தால் செயினோ கேபிளோ தளர்ந்துவிட்டது, கையேட்டைப் பார்த்து இறுக்கலாம். அரைக்கிற சத்தம் வந்தாலோ, கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தாலோ திறக்காதீர்கள், கடைக்கு அனுப்புங்கள். துடுப்பு இல்லாமல் பெடல் வண்டியில் ஏறக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது காரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஒரு பக்கமாகவே இழுத்தால்: சுக்கான் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் இழுத்தால் இரண்டு பக்கக் கயிறுகளில் ஒன்று நீண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஐஸ் பெட்டி ஒரு ஓரமாக நகர்ந்திருக்கும். அவ்வளவுதான்.

## “திரை அணைஞ்சு அணைஞ்சு வருது”

ஃபிஷ் ஃபைண்டரில் நூற்றுக்குத் தொண்ணூறு மின்சாரக் கோளாறு. உப்புதான் குற்றவாளி.

எரியவே இல்லை: இணைப்பைக் கழற்றி முளைகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வினிகரும் வைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மின்முனைக்கான கிரீஸ் தடவுங்கள். அடுத்தது ஃப்யூஸ்; போனால் அதே அளவுதான் போட வேண்டும், பெரியது கூடாது.

எரிகிறது, நடுவில் அணைகிறது: மல்டிமீட்டரைத் திரை எரியும்போது வையுங்கள். சும்மா கிடக்கும் பேட்டரி நல்ல பிள்ளை போல 12.7 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் படுத்துக்கொள்ளும். ஈய அமிலப் பேட்டரி சுமையில் 12-க்குக் கீழே சரிந்தால் அது வயதாகிவிட்டது. பேட்டரியின் முனையில் சரியான அளவு வந்து, திரைக்குப் போகும் இடத்தில் குறைந்தால் நடுவில் உள்ள ஒயரோ இணைப்போதான் தின்கிறது.

எரிகிறது, அடி தெரியவில்லை: நின்றால் தெரிந்து, வேகமாக மிதித்தால் மறைந்தால் டிரான்ஸ்டியூசருக்கு (நீரில் ஒலி அனுப்பி எதிரொலி வாங்கும் உணரிக்கு) அடியில் காற்றுக் குமிழி ஓடுகிறது. சற்றுக் கீழே இறக்கியோ கோணம் மாற்றியோ பாருங்கள். ராரிட்டனில் கப்பல் வாய்க்காலை விட்டால் பெரும்பகுதி 20 அடிக்குள்தான், அதனால் உணர்திறனை உச்சத்தில் வைத்தால் திரை முழுக்கப் புள்ளியாகத்தான் வரும். கொஞ்சம் குறையுங்கள். டிரான்ஸ்டியூசர் கேபிள் அறுந்திருந்தால் ஒட்டுப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், புதிது வாங்குங்கள்.

## “திரை நிறைய மீன், ஒண்ணும் கடிக்கல”

இந்தப் புகார்தான் அதிகம் வரும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உடனே புதுப் பொய்யிரை வாங்கத் தயாராக இருப்பார்கள். பொறுங்கள்.

அது ஸ்ட்ரைப்பர்தானா? பஞ்சுப் பொதி போல மொத்தையாகத் தெரிவது பங்கர். அதற்கு அடியிலோ ஓரத்திலோ தனித்தனியாக வளைகோடு தெரிந்தால்தான் நம் ஆள். வெறும் பொதி மட்டும் என்றால் அங்கே விருந்து இருக்கிறது, விருந்தாளி வரவில்லை.

தண்ணீர் எத்தனை டிகிரி? திரையின் மூலையிலேயே இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 50 பாரன்ஹீட்டுக்குக் கீழே மீன் மந்தமாக இருக்கும். வேகமாக ஓடும் பொய்யிரையைத் துரத்த அதற்கு மனம் வராது. புழுவோ கிளிஞ்சல் சதையோ மாட்டி அடியில் போட்டுக் காத்திருங்கள். கரையோர ஆழமில்லாத பகுதி கறுப்புச் சேற்றின் மேல் மதியத்துக்குள் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகும், அங்கே போய்ப் பாருங்கள். 55-ஐத் தாண்டியதும் கதையே வேறு.

நீரோட்டம் நின்றுவிட்டதா? ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடைவேளையில் எல்லாம் அடங்கிவிடும். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம் அதுதான். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் அதே இரையைப் போடுங்கள்.

நாமே விரட்டிவிட்டோமா? கூட்டமாகப் போவதன் நோய் இது. ஒருவர் “இங்க இருக்குடா!” என்றதும் நாலு பேரும் நாலு திசையிலிருந்து நேராக அந்தப் பொதியின் மேலேயே மிதித்துக்கொண்டு வருவோம். 12 அடித் தண்ணீரில் ஐந்து வண்டி மேலே ஓடினால் எந்த மீன் நிற்கும்? கூட்டத்தில் மதுரைக்காரர் ஒருவர், இனி யாரும் பொதிக்குக் குறுக்கே போகக் கூடாது, போனால் அன்றைய காபிச் செலவு அவருடையது என்று சட்டம் போட்டார். சுற்றி வளைத்துக் காற்றுக்கு மேல்பக்கம் போய், மிதிப்பதை நிறுத்தி, காற்று தள்ளுகிற வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர். இதை ஒழுங்காகச் செய்த நாட்களில் எங்கள் மீன் கணக்கு நன்றாகவே ஏறியிருக்கிறது, காபிக் கணக்கும் அவ்வப்போது ஏறியிருக்கிறது.

ஆழமும் வேகமும். வளைகோடு 15 அடியில் தெரிய, உங்கள் இரை 5 அடியில் போனால் பயனில்லை. ரப்பர்க் குழாயில் புழு மாட்டி இழுப்பதென்றால் மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல். ரப்பர் மீன் என்றால் 2 முதல் 3 மைல். ஜிபிஎஸ் காட்டும் வேகம் தரையைக் கணக்கிட்டது. நீரோட்டத்தோடு போகும்போதும் எதிரே போகும்போதும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரை ஒரு பக்கம் தூங்கும், ஒரு பக்கம் பறக்கும். ஒரே திசையில் போகும்போது மட்டும் கடி விழுந்தால் காரணம் இதுதான்.

ஆயிரம் பங்கருக்கு நடுவே உங்களுடையது ஒன்று. மே மாதம் இப்படி ஆகும். பொதிக்குள் போடாமல் அதன் ஓரத்தில், அல்லது அதற்குக் கீழே தொங்க விடுங்கள். அடிபட்டது போல் தள்ளாடும் இரைக்குத்தான் மரியாதை.

இத்தனைக்கும் பிறகும் இரண்டு மூன்று சீசன் வெறுங்கையோடு திரும்பினால் ஆளைக் கூப்பிடலாம். ஆள் என்றால் மெக்கானிக் அல்ல, வாடகைப் படகு கேப்டன். ஐந்து பேரும் பங்கு போட்டு ஒரு நாள் அவரோடு போய், எந்த மேட்டில் எந்த ஓதத்தில் நிற்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள். நாங்கள் வாங்கிய எந்தக் கருவியும் அந்த ஒரு நாள் அளவுக்குச் சொல்லித்தரவில்லை.

## “கடிக்குது, மாட்ட மாட்டேங்குது”

எடுத்த இரையைப் பாருங்கள், அதுவே வாக்குமூலம்.

ரப்பர் மீனின் வால் கத்தரித்தது போல் போயிருந்தால் அது ப்ளூஃபிஷ், கூர்ப்பல் உள்ள வேறொரு மீன். ஸ்ட்ரைப்பருக்கு அப்படி வெட்டும் பல் கிடையாது. இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் பை காலியாகும் வரை ரப்பர் மீன் தானம் செய்ய வேண்டியதுதான்.

பங்கர் செதில் உதிர்ந்து, நசுங்கி, முழுசாக வந்தால் ஸ்ட்ரைப்பர் வாயில் வைத்துத் துப்பியிருக்கிறது. அவசரப்பட்டுச் சுண்டியிருப்பீர்கள். உயிருள்ள அல்லது வெட்டிய இரைக்கு வட்ட முள் (முனை உள்பக்கம் வளைந்த தூண்டில் முள்) கட்டாயம், 2021 முதல் அட்லாண்டிக் கடற்கரை மாநிலங்களுக்கெல்லாம் பொதுவான விதி. மூன்று முனை முள்ளால் பங்கரைக் குத்தி அப்படியே விட்டு வைக்கும் பழைய பழக்கம் இனி கூடாது. குத்திய பங்கரை எடுத்து வட்ட முள்ளில் மாற்றித்தான் போட வேண்டும். வட்ட முள்ளைச் சுண்டக் கூடாது. மீன் எடுத்துக்கொண்டு ஓடட்டும், நூல் இறுகட்டும், கோலை மெல்ல உயர்த்துங்கள். வாயோரத்தில் தானே மாட்டும். ஊரில் கெண்டைக்குச் சுண்டிச் சுண்டிப் பழகிய கைக்கு இது லேசில் வராது. எனக்கு ஒரு முழு சீசன் ஆனது.

அடுத்து முள் முனை. கட்டை விரல் நகத்தில் சாய்த்து வைத்து இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, நகத்தைக் கீறி நின்றால் நல்லது. பெரிய பங்கருக்குச் சிறிய முள் போட்டாலும் இதே கதைதான், இரையின் சதையே முள்ளின் வாயை அடைத்துவிடும்.

## “வண்டிகிட்ட வந்து போயிடுச்சுண்ணே!”

நூலின் முனையைக் கையில் எடுங்கள். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

- முனை பன்றி வால் போலச் சுருண்டிருந்தால்: முடிச்சு நழுவியது. எச்சில் படுத்தி இறுக்கவில்லை. செலவு இல்லை, பழக வேண்டும்.
- கத்தி வைத்தது போல் சுத்தமாக இருந்தால்: ப்ளூஃபிஷ் பல்.
- நார் நாராக இருந்தால்: பாறையிலோ மிதவைச் சங்கிலியிலோ உரசியது. லீடரை (முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நூலை) 40 பவுண்டுக்கு ஏற்றி, கொஞ்சம் நீளமாகவும் கட்டுங்கள்.
- முள்ளோடு திரும்பி வந்து, முள் நிமிர்ந்திருந்தால்: டிராக் (நூலை அளவாக நழுவ விடும் ரீல் பிரேக்) அதிக இறுக்கம், அல்லது மலிவு முள்.
- எல்லாம் நன்றாக இருந்தால்: நூலைத் தளர விட்டிருப்பீர்கள். மீன் வண்டியை நோக்கி ஓடியபோது சுற்றாமல் ரசித்துக்கொண்டிருந்தீர்களா?

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்பதை நான் நம்ப மாட்டேன். ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் கைத்தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதில் நூலை மாட்டி இழுங்கள். நூலின் தாங்கு திறனில் கால் பங்கு எடையில் டிராக் நழுவத் தொடங்க வேண்டும். 30 பவுண்டு நூலுக்கு ஏழு, ஏழரை பவுண்டு. கயாக் தானே மீனோடு இழுபட்டுக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதனால் கரையில் நிற்பவரைவிட இறுக்கம் தேவையில்லை.

நழுவும்போது விட்டு விட்டு வெட்டி இழுத்தால் டிராக் தட்டுகளில் உப்போ எண்ணெய் காய்ந்ததோ இருக்கிறது. மேல் குமிழைக் கழற்றித் தட்டுகளைத் துடைத்து, டிராக்குக்கென்றே உள்ள கிரீஸை மெல்லிதாகத் தடவலாம், அதுவரை நம் வேலை. கைப்பிடி சுற்றும்போது கரகரத்தால் பேரிங். ரீல் சர்வீஸ் கடைக்கு அனுப்புங்கள். ரீல் முழுவதையும் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்ட நண்பர் ஒருவர், சேர்த்த பிறகு இரண்டு வாஷர் மிச்சம் என்று போன் செய்தார். மிச்ச வாஷரையும் கவரில் போட்டு அனுப்பச் சொன்னேன்.

மீனைப் பிடிக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டாதீர்கள். வலையை நீரில் வைத்துவிட்டு, மீனை அதன் மேல் கொண்டு வாருங்கள்.

## “விட்ட மீன் மல்லாந்து மிதக்குது”

வைத்துக்கொள்ள அனுமதி ஒரு நாளுக்கு ஒன்று, அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள். மேல் வரம்பை 2023-இல் 31-க்கு இறக்கினார்கள். ஆண்டுதோறும் கிளம்பும் முன் மாநில அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஆக, பிடிப்பதில் பெரும்பாலானவற்றை விடத்தான் போகிறோம்.

மிதந்தால் கீழ்த்தாடையைப் பிடித்துத் தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, அது விரலைக் கடிக்கும் வரை விடாதீர்கள். மறுபடி மறுபடி இப்படி நடந்தால் காரணம் ஒன்று: மெல்லிய நூலில் நெடுநேரம் இழுத்துக் களைக்க வைக்கிறீர்கள். இரண்டு: ஐந்து பேரும் தனித்தனியாகப் படம் எடுக்கிறீர்கள். குறடும் அளவுகோலும் மீன் வரும் முன்பே மடியில் இருக்கட்டும். தண்ணீர் 70 பாரன்ஹீட்டைத் தாண்டிய கோடையில் பெரிய மீன்களைத் தேடிப் போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

## “நாலு பேர்தான் தெரியுறோம்”

இதற்குக் கராஜில் மருந்து இல்லை.

முதலில் ரேடியோ. சத்தம் குறைந்திருக்கிறதா, வேறு சேனலுக்குத் தட்டிவிட்டதா, ஆண்டெனா லைஃப் ஜாக்கெட்டுக்குள் மடங்கியிருக்கிறதா? நாங்கள் பேசுவது சேனல் 72-இல். பதில் இல்லையென்றால் அவசர அழைப்புச் சேனலான 16-இல் ஒரு முறை கூப்பிடுவோம். கயாக்கில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீரை ஒட்டி இருப்பதால் கையடக்க ரேடியோ இரண்டு மூன்று மைலுக்கு மேல் எட்டாது. செல்போனும் முயன்று பாருங்கள்.

அடுத்து காற்று. விரிகுடாவின் நியூ ஜெர்சிக் கரை வடக்கு நோக்கி இருக்கிறது. தெற்குக் காற்று அடித்தால் கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதை நம்பி இறங்கினால் அதே காற்று உங்களை ஸ்டேட்டன் தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். காணாமல் போனவரைக் காற்று போகும் திசையில்தான் முதலில் தேட வேண்டும். விரிகுடாவின் கிழக்கு ஓரத்துச் சாண்டி ஹூக் பக்கம் என்றால், இரண்டு மைலுக்கு மேல் கடலுக்குள் நீளும் ஏர்ல் கடற்படைத் துறைமுகப் பாலத்தின் தடை எல்லைக்குள் தள்ளப்பட்டாரா என்றும் பாருங்கள்.

பத்து நிமிடம் பதில் இல்லை, கண்ணிலும் படவில்லை என்றால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு 16-இல் கோஸ்ட் கார்டைக் கூப்பிடுவோம். கூச்சப்பட வேண்டாம், தேடி மீட்பதற்கு அவர்கள் பணம் கேட்பதில்லை. ஆள் தண்ணீரில் இருப்பது கண்ணால் தெரிந்தால் பத்து நிமிடமும் கிடையாது, உடனே மேடே (உயிராபத்து அழைப்பு). ஆள் பத்திரம், வண்டிதான் கெட்டுவிட்டது என்றால் நண்பர்கள் கட்டி இழுக்கலாம், முடியாவிட்டால் இழுவைப் படகு. அதற்குக் கட்டணம் உண்டு, கணிசமாக. தேடப்பட்டவர் சிற்றோடை ஒன்றில் போன் அணைந்து போய் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தால், முதலில் 16-இல் சொல்லி முடித்துவிடுங்கள். திட்டுவதைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

## “கார் கூரையில ஏதோ ஊளையிடுது”

கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் வேகம் 60 மைலைத் தாண்டியதும் வரும். கூரையில் கயாக்கைக் கட்டிய பட்டை காற்றில் அதிர்கிறது. பட்டையில் ஒரு முறுக்குப் போட்டு மறுபடி இறுக்குங்கள். முறுக்கிய பிறகும் ஊளையிட்டால் காரை ஓரம் கட்டி, கூரைக் கம்பியின் திருகுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்தக் கயாக்கோடு ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள், பின்னால் வருகிற நண்பர் கருவிப்பெட்டியோடு வரும் வரை நில்லுங்கள்.